இரு வயலின் கான்செர்ட்டோ (பாக்)

இரு வயலின் கான்செர்ட்டோ, ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹன் செபாஸ்டியன் பாக் (1685–1750) டி மைனர் சுருதியில் எழுதிய வயலின் படைப்பு. பாக் படைப்புகளின் பட்டியலில் இதன் எண் பி.டபிள்யூ.வி. 1043. இரண்டு தனி வயலின்கள், தந்தி இசைக்குழு, அடிநாதத்தைத் தாங்கும் கன்டினுவோ ஆகியவற்றுக்காக எழுதப்பட்டது. மூன்று பகுதிகள் கொண்டது. வாசிக்க ஏறத்தாழ 15 முதல் 17 நிமிடங்கள் ஆகும். பரோக் காலத்து வயலின் கான்செர்ட்டோக்களில் மிக அதிகமாக வாசிக்கப்படுபவற்றுள் இதுவும் ஒன்று.

கான்செர்ட்டோ என்றதும் ஒரு கலைஞர் தன் திறமையைக் காட்டுவதும், இசைக்குழு அவருக்குப் பின்னணியாக நிற்பதுமே பொதுவாக நினைவுக்கு வரும். இந்தப் படைப்பு அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றுவதில்லை. இதில் இரண்டு கலைஞர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதன்மையானவர் என்று ஒருவர் இல்லை. இதன் தனித்தன்மையும் கவர்ச்சியும் இந்தச் சமநிலையிலிருந்தே பிறக்கின்றன.

பின்னணி

வயலின் கான்செர்ட்டோ இத்தாலியில் உருவான வடிவம். பொலோன்யா நகரில் ஜுசெப்பே டொரெல்லி (1658–1709) போன்றோர் அதன் தொடக்கநிலை வடிவங்களை அமைத்தனர். வெனிஸைச் சேர்ந்த அன்டோனியோ விவால்டி (1678–1741) அதற்கு உறுதியான அமைப்பைத் தந்தார். 1711-ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய ‘லெஸ்ட்ரோ அர்மோனிக்கோ’ தொகுப்பில் 12 கான்செர்ட்டோக்கள் உள்ளன. அவற்றுள் சில ஒரு வயலினுக்கானவை, சில இரண்டு வயலின்களுக்கானவை, சில நான்கு வயலின்களுக்கானவை.

விவால்டியின் அமைப்பில் இசைக்குழு ஒரு கருப்பொருளை முழங்கித் தொடங்கும். பின் தனி வயலின் வேறொரு வழியில் செல்லும். அவ்வப்போது இசைக்குழுவின் கருப்பொருள், முழுதாகவோ துண்டாகவோ, வேறு சுருதிகளில் திரும்ப வரும். இறுதியில் தொடங்கிய சுருதிக்கே வந்து சேரும். இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் பகுதிக்கு ரிட்டோர்நெல்லோ என்று பெயர். பாடலில் பல்லவி திரும்ப வருவதைப் போன்றது இது. ஆனால் பல்லவி அதே சுருதியில் திரும்பும், ரிட்டோர்நெல்லோவோ இடம் மாறி மாறி ஒலிக்கும்.

பாக் வைமார் அரண்மனையில் பணியாற்றிய காலத்தில் இந்த இத்தாலிய இசையை ஆழ்ந்து பயின்றார். விவால்டியின் கான்செர்ட்டோக்கள் பலவற்றை ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதினார். அவற்றில் இரண்டு வயலின்களுக்கான ஏ மைனர் கான்செர்ட்டோவும் ஒன்று. ஆகவே இரு வயலின் கான்செர்ட்டோ என்ற எண்ணம் பாக்கின் கண்டுபிடிப்பு அல்ல. அவர் பெற்றுக்கொண்ட வடிவத்தை என்ன செய்தார் என்பதே இங்கு கவனிக்க வேண்டியது.

இந்தப் படைப்பு எழுதப்பட்ட ஆண்டு உறுதியாகத் தெரியவில்லை. 1717 முதல் 1723 வரை கோத்தன் இளவரசர் லியோபோல்டின் அவையில் பாக் இசைத்தலைவராக இருந்தபோது எழுதியதாகவே நீண்ட காலம் கருதப்பட்டது. ஆனால் எஞ்சியுள்ள மூலப்படிகள் 1730–31 காலகட்டத்தைச் சேர்ந்தவை. தனி வயலின்களுக்கான பக்கங்கள் பாக்கின் கையெழுத்திலேயே உள்ளன. அவை இன்று போலந்தின் கிராக்கோவ் நகரில் உள்ள யாகெல்லோனியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எனவே பாக் லைப்சிக் நகரில் இருந்த காலத்திலேயே இது எழுதப்பட்டது என்று கருதுவோரும் உள்ளனர். 1729 முதல் அவர் அந்நகரில் கொலேகியம் மியூசிக்கம் என்ற இசைக்குழுவை நடத்தினார். ஸிம்மர்மன் என்பவரின் காபிக்கடையில் அக்குழு வாரந்தோறும் வாசித்தது. மாணவர்களும் தேர்ந்த கலைஞர்களும் கலந்திருந்த அந்தக் குழுவின் நிகழ்ச்சிகளில் இந்தக் கான்செர்ட்டோவும் வாசிக்கப்பட்டிருக்கலாம்.

முதல் பகுதி: விவாச்சே

முதல் பகுதி துடிப்பான கதியில் அமைந்தது. தொடங்குவது முதல் வயலின் அல்ல, இரண்டாம் வயலின். படியேறும் ஒரு சிறு சுரவரிசையும் அதைத் தொடரும் தாவலும் கொண்ட கருப்பொருளை அது முன்வைக்கிறது. நான்கு தாள அளவுகள் கழித்து முதல் வயலின் அதே கருப்பொருளை ஐந்து சுரங்கள் மேலே இருந்து எடுக்கிறது. அதற்குள் இரண்டாம் வயலின் வேறொரு இழையைப் பின்னத் தொடங்கிவிடுகிறது. பின்னர் அடிநாதக் கருவிகளும் கருப்பொருளுடன் வந்து சேர்கின்றன.

ஒரு குரல் சொன்னதை மற்றக் குரல்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்னும் இந்த முறைக்கு ஃபியூக் என்று பெயர். தேவாலய இசையிலும் ஆர்கன் இசையிலும் வளர்ந்த கடினமான கலை அது. விவால்டியின் ரிட்டோர்நெல்லோ பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்து எழுப்பும் ஒரே முழக்கமாக இருக்கும். பாக் அந்த இடத்தில் ஃபியூக்கை வைத்தார். இதன் விளைவு மிகப் பெரியது. தனிக்கலைஞர்களுக்கும் இசைக்குழுவுக்கும் இடையே இருந்த கோடு தொடக்கத்திலேயே மங்கிவிடுகிறது. இங்கே பின்னணி என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு குரலுக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது.

பின்னர் தனி வயலின்கள் தமக்கே உரிய, பெரிய தாவல்கள் கொண்ட கருப்பொருளுடன் வெளிப்படுகின்றன. ஒன்று சொன்னதைச் சில அளவுகள் கழித்து மற்றது சொல்கிறது. அப்போது முதலில் சொன்ன வயலின் ஓய்ந்து நிற்பதில்லை. அது எதிர்வரியாக மாறி மற்றதைத் தாங்குகிறது. பேசுபவர் கேட்பவராகவும், கேட்பவர் பேசுபவராகவும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இரண்டு வயலின்களின் ஒலி எல்லையும் ஒன்றே என்பதால் அவை ஒன்றையொன்று கடந்து மேலும் கீழும் செல்கின்றன. கண்ணை மூடிக் கேட்பவருக்கு எது முதல் வயலின், எது இரண்டாம் வயலின் என்பது பல இடங்களில் பிடிபடாது.

இரண்டாம் பகுதி: லார்கோ மா நோன் தந்தோ

இந்தக் கான்செர்ட்டோவின் புகழுக்கு முதற்காரணம் இந்த இரண்டாம் பகுதி. டி மைனரிலிருந்து எஃப் மேஜருக்கு இசை மாறுகிறது. பன்னிரண்டு சிறு துடிப்புகள் கொண்ட தாளம் தாலாட்டைப் போல அசைகிறது. இங்கும் இரண்டாம் வயலினே தொடங்குகிறது. நீண்ட ஒரு சுரத்தைப் பிடித்து, அதிலிருந்து மெல்லப் படியிறங்குகிறது. இரண்டு அளவுகளுக்குப் பின் முதல் வயலின் மேலிருந்து அதே வரியுடன் வருகிறது.

முதல் பகுதியில் உரையாடலில் பங்கேற்ற இசைக்குழு இங்கே ஒதுங்கிவிடுகிறது. எளிய சுரங்களால் தாளத்தையும் இணக்கத்தையும் தாங்குவது மட்டுமே அதன் வேலை. இரண்டு வயலின்கள் மட்டுமே பேசுகின்றன.

இந்தப் பகுதியின் அழகு எப்படிப் பிறக்கிறது என்பதை விளக்க முடியும். ஒரு வயலின் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. அது தொடங்கும்போது இணக்கமாக ஒலிக்கிறது. அதற்குள் மற்ற வயலின் நகர்ந்துவிடுகிறது. சுரம் மாறவில்லை, ஆனால் சூழல் மாறிவிட்டதால் அதே சுரம் இப்போது உரசலாக ஒலிக்கிறது. பிடித்திருந்த வயலின் ஒரு படி இறங்கியதும் உரசல் தீர்ந்து இணக்கம் திரும்புகிறது. உடனே மற்ற வயலின் தன் சுரத்தைப் பிடிக்கிறது, அடுத்த உரசல் தொடங்குகிறது. இழுத்தலும் விடுதலும் சங்கிலியாகத் தொடர்கின்றன. கேட்பவர் மனத்தில் எழும் ஏக்கத்துக்கும் ஆறுதலுக்கும் இதுவே காரணம். தனியாக ஒரு வயலின் இந்த உணர்வை உருவாக்க முடியாது. நிற்பதற்கு ஒருவரும் நகர்வதற்கு இன்னொருவரும் தேவை.

இதற்குப் பாக்கே ஒரு சான்றை விட்டுச் சென்றிருக்கிறார். 1736-ஆம் ஆண்டளவில் இதே படைப்பை அவர் இரண்டு ஹார்ப்சிகார்டுகளுக்காக மாற்றி எழுதினார் (பி.டபிள்யூ.வி. 1062). அக்காலக் ஹார்ப்சிகார்டின் மேல் எல்லைக்குள் அடங்குவதற்காகச் சுருதி ஒரு முழுச்சுரம் குறைக்கப்பட்டு சி மைனர் ஆனது. வேகமான பகுதிகள் அந்தக் கருவியில் தெளிவாகவும் சுவையாகவும் ஒலிக்கின்றன. மெதுவான பகுதியில்தான் இழப்பு தெரிகிறது. ஹார்ப்சிகார்டின் தந்தி மீட்டப்பட்டவுடன் ஒலி தேயத் தொடங்கிவிடும். உரசல் உருவாகும் நேரத்தில் நீட்டிப் பிடித்த சுரம் பாதி கரைந்திருக்கும். சுரங்கள் அவையே, இணக்கங்களும் அவையே. ஆனாலும் ஏக்கம் குறைகிறது. வில்லால் நீட்டப்படும் ஒலியே இந்தப் பகுதியின் உயிர் என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது.

மூன்றாம் பகுதி: அல்லெக்ரோ

மூன்றாம் பகுதி புயல் போலத் தொடங்குகிறது. முதல் இரண்டு பகுதிகளிலும் பின்னால் வந்த முதல் வயலின் இங்கே முந்திக்கொள்கிறது. ஆனால் இரண்டாம் வயலின் ஒரே ஒரு தாளத்துடிப்பு இடைவெளியில் அதே வரியுடன் துரத்துகிறது. முதல் பகுதியில் நான்கு அளவுகளாகவும் இரண்டாம் பகுதியில் இரண்டு அளவுகளாகவும் இருந்த இடைவெளி இங்கே ஒரு துடிப்பாகச் சுருங்கிவிட்டது. இந்தச் சுருக்கம் படைப்பு முழுவதற்கும் ஒரு போக்கைத் தருகிறது. இரண்டு குரல்களும் பகுதிக்குப் பகுதி நெருங்கி வருகின்றன. நெருக்கம் கூடும்போது அமைதி கூடவில்லை, பரபரப்பே கூடுகிறது.

இந்தப் பகுதியில் வியப்பூட்டும் ஓர் இடம் உண்டு. தனி வயலின்கள் இரண்டும் பல தந்திகளில் ஒரே நேரத்தில் வில்லிட்டுச் சுரக்கூட்டுகளை இடைவிடாமல் எழுப்புகின்றன. அதே நேரத்தில் இசைக்குழு கருப்பொருளின் துண்டுகளை எடுத்துக்கொள்கிறது. அதாவது, தனிக்கலைஞர்கள் பின்னணியாகவும் இசைக்குழு முன்னணியாகவும் இடம் மாறுகிறார்கள். மேடையில் இருப்போரின் படிநிலையைப் பாக் சில நொடிகளுக்குத் தலைகீழாக்குகிறார்.

இயல்பும் கவர்ச்சியும்

கான்செர்ட்டோ என்ற சொல்லின் மூலம் பற்றி இரு கருத்துகள் உண்டு. போட்டியிடுதல் என்ற பொருளிலிருந்து வந்தது என்பது ஒன்று. இசைந்து செல்லுதல் என்ற பொருளிலிருந்து வந்தது என்பது மற்றொன்று. இந்தப் படைப்பைப் பொறுத்தவரை இரண்டுமே பொருந்துகின்றன. மூன்றாம் பகுதியின் துரத்தலில் போட்டியின் சூடு இருக்கிறது. லார்கோவில் இசைவின் குளிர்ச்சி இருக்கிறது. ஆனால் போட்டியில் யாரும் வெல்வதில்லை, இசைவில் யாரும் தன் குரலை இழப்பதில்லை.

விவால்டியின் ‘நான்கு பருவங்கள்’ (1725) தொகுப்பில் பறவைகளின் குரலும் இடியும் பனியும் இசையில் சித்திரிக்கப்படுகின்றன. முதன்முறை கேட்பவருக்கும் அதில் பிடித்துக்கொள்ள ஏதேனும் கிடைக்கும். பாக்கின் கான்செர்ட்டோவில் அப்படிக் கதையோ காட்சியோ இல்லை. ஆயினும் அது அறிவாளிகளுக்கு மட்டுமான இசையாக ஆகிவிடவில்லை. ஃபியூக் என்ற சொல்லை அறியாதவரும் இரண்டு குரல்கள் ஒன்றையொன்று கேட்டு மறுமொழி சொல்வதை உணர முடிகிறது. அமைப்பின் நுட்பமே நேரடியான உணர்ச்சியாக மாறுவது இதன் சாதனை. முதன்முறை கேட்பவர் மெட்டைக் கேட்கிறார். பலமுறை கேட்டவர் இரண்டாம் குரலைத் தொடர்கிறார். மேலும் பழகியவர் அடிநாதத்தின் நடையைக் கவனிக்கிறார். ஒவ்வொரு நிலையிலும் இசை புதிதாகத் திறக்கிறது.

லார்கோவைத் துயர இசையாகக் காணும் போக்கு உண்டு. பாக்கின் முதல் மனைவி மரியா பார்பரா 1720-ல் இறந்ததோடு அவருடைய வயலின் இசையைத் தொடர்புபடுத்துவோரும் உள்ளனர். இந்தப் பகுதிக்கு அப்படி ஒரு பொருளைத் தர ஆதாரம் இல்லை. எழுதப்பட்ட காலமே உறுதியாகாத நிலையில் வாழ்க்கை நிகழ்ச்சியைக் கொண்டு இசையை விளக்குவது பலவீனமான வழி. மேலும் இது மேஜர் சுருதியில் அமைந்தது, ஒவ்வொரு உரசலையும் தவறாமல் தீர்த்துவைப்பது. இதில் ஏக்கம் உண்டு, ஆனால் அது தேற்றப்படும் ஏக்கம்.

வாசிப்பு முறைகள்

‘லார்கோ மா நோன் தந்தோ’ என்றால் ‘மெதுவாக, ஆனால் மிகையாக அல்ல’ என்று பொருள். இந்த எச்சரிக்கையை மறந்த வாசிப்புகள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதை மிக மெதுவாக, அடர்ந்த அதிர்வுடன், பெரிய இசைக்குழுவுடன் வாசிப்பது வழக்கமாக இருந்தது. அப்படி வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் அழகாக ஒலிக்கும், ஆனால் வரியின் நடை அறுந்துபோகும். ஹார்ப்சிகார்டு வடிவத்தில் பாக் இதே பகுதிக்கு ‘ஆண்டான்டே’ என்ற குறிப்பைத் தந்தார். நடக்கும் கதி என்பது அதன் பொருள். கருவி மாறியது ஒரு காரணமாக இருக்கலாம் என்றாலும், உறைந்து நிற்கும் வேகத்தை அவர் விரும்பவில்லை என்பதற்கு இது துணைச் சான்றாகிறது.

1970-களுக்குப் பின் பரவலான பழங்கால இசைக்கருவி இயக்கம் வேறொரு வழியைக் காட்டியது. குடல்தந்திகள், இலேசான பரோக் வில், தாழ்ந்த சுருதி, ஒவ்வொரு பாகத்துக்கும் ஓரிருவர் மட்டுமே உள்ள சிறு குழு ஆகியவற்றுடன் வாசிக்கும்போது உள்குரல்கள் தெளிவாகின்றன. முதல் பகுதியின் ஃபியூக் பின்னல் இத்தகைய வாசிப்பில்தான் முழுதாகக் கேட்கிறது. ஆனால் இந்த முறையிலும் குறை உண்டு. சில குழுக்கள் வேகத்தையே உயிர்ப்பு என்று கொள்கின்றன. அப்போது லார்கோவில் உரசல்கள் உணரப்படுவதற்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன. கருவி பழையதா புதியதா என்பதைவிட, இரண்டு குரல்களும் ஒன்றுக்கொன்று இடம் தருகின்றனவா என்பதே நல்ல வாசிப்புக்கான அளவுகோல்.

குறிப்பிடத்தக்க ஒலிப்பதிவுகள்

1932-ல் 16 வயது யெஹுதி மெனுஹின் தன் ஆசிரியர் ஜார்ஜ் எனெஸ்குவுடன் இதைப் பதிவு செய்தார். பியர் மாந்தோ இசைக்குழுவை நடத்தினார். ஆசிரியரும் மாணவரும் சமமாக நின்று வாசிக்க இந்தப் படைப்பு இடம் தந்தது. டேவிட் ஓய்ஸ்ட்ராக், அவருடைய மகன் இகோர் ஆகியோரின் பதிவும் புகழ்பெற்றது.

யாஷா ஹைஃபெட்ஸ் 1946-ல் இரண்டு வயலின்களையும் தாமே வாசித்து, பதிவுகளை இணைத்து வெளியிட்டார். தொழில்நுட்பத்திலும் கைத்திறனிலும் அது வியப்புக்குரியது. ஆனால் இசையாகப் பார்க்கும்போது அது இந்தக் கான்செர்ட்டோவின் இயல்புக்கு எதிரானது. ஒரே கை, ஒரே மூச்சு, ஒரே எண்ணம் இரண்டு வரிகளிலும் ஒலிக்கும்போது மறுமொழி என்பது எதிரொலியாகச் சுருங்கிவிடுகிறது. அவரே 1961-ல் தன் மாணவர் எரிக் ஃபிரீட்மனுடன் இதை மீண்டும் பதிவு செய்தார்.

வியன்னா பில்ஹார்மோனிக் குழுவின் முதன்மை வயலின் கலைஞராக அரை நூற்றாண்டுக்கும் மேல் இருந்த ஆர்னோல்ட் ரோஸே, தன் மகள் ஆல்மாவுடன் 1920-களின் இறுதியில் செய்த பதிவு வேறொரு காரணத்தால் நினைக்கப்படுகிறது. யூதர் என்பதால் ரோஸே 1938-ல் தன் இடத்தை இழந்து, பின்னர் லண்டனில் அடைக்கலம் புகுந்தார். ஆல்மா நாஜிகளிடம் பிடிபட்டு 1943-ல் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கு பெண் கைதிகளின் இசைக்குழுவை நடத்தினார். அக்குழுவில் இருந்த பலர் உயிர்பிழைத்தனர், ஆல்மா 1944 ஏப்ரலில் முகாமிலேயே இறந்தார். தந்தை 1946-ல் லண்டனில் மறைந்தார். அந்தப் பழைய பதிவின் வாசிப்பு முறை இன்றைய காதுக்கு அந்நியமாகத் தோன்றலாம். இசை எழுதப்பட்டபோது இல்லாத துயரத்தை அதன்மேல் ஏற்றிக் கேட்பதும் சரியல்ல. ஆனால் தந்தையும் மகளும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு வாசித்த சில நிமிடங்கள் அதில் எஞ்சியிருக்கின்றன என்பது உண்மை.

தாக்கம்

நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலஞ்சின் 1941-ல் இந்த இசைக்கு ‘கான்செர்ட்டோ பரோக்கோ’ என்ற பாலே நாட்டியத்தை அமைத்தார். இரண்டு முதன்மை நடனமணிகள் இரண்டு வயலின்களுக்கு இணையாக ஆடும் அந்த நாட்டியத்தில் கதை இல்லை. இசையின் அமைப்பே நடனத்தின் பொருள்.

உலகெங்கும் வயலின் பயிலும் குழந்தைகளுக்கும் இந்தப் படைப்பு அறிமுகமானது. ஜப்பானிய ஆசிரியர் ஷினிச்சி சுஸுகி உருவாக்கிய பாடத்திட்டத்தில் முதல் பகுதியின் இரண்டாம் வயலின் பாகம் நான்காம் புத்தகத்திலும், முதல் வயலின் பாகம் ஐந்தாம் புத்தகத்திலும் இடம்பெறுகின்றன. மாணவர் முதலில் கற்பது இரண்டாம் வயலின் பாகத்தை. ஆயினும் அவர் துணைக் குரலை வாசிப்பதில்லை, கான்செர்ட்டோவைத் தொடங்கிவைக்கும் குரலையே வாசிக்கிறார்.

தமிழ்க் கேட்போர் பலருக்குப் பாக்கின் பெயர் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) இசைத்தொகுப்பின் வழியாக அறிமுகமானது. அத்தொகுப்பு பாக்கின் வேறொரு வயலின் படைப்பைக் கையாள்கிறது. அதைக் கேட்டுப் பழகியவர்கள் அடுத்து நாடுவதற்கு இந்தக் கான்செர்ட்டோ ஏற்றது. டி மைனரின் சுர அமைப்பு கீரவாணி, நடபைரவி ராகங்களின் சுரங்களுக்கு நெருக்கமானது என்பதால் அதன் நிறம் பழகியதாகவே ஒலிக்கும். புதிதாகப் பழக வேண்டியது, ஒரே நேரத்தில் இரண்டு மெட்டுகளைப் பின்தொடர்வது.

மதிப்பீடு

பாக் எழுதியவற்றுள் வயலின் கான்செர்ட்டோக்களாகவே நமக்குக் கிடைத்திருப்பவை மூன்று. ஏ மைனர், இ மேஜர் கான்செர்ட்டோக்கள் ஒற்றை வயலினுக்கானவை. கட்டமைப்பின் நேர்த்தியில் அவை இதற்குக் குறைந்தவை அல்ல. ஆயினும் இந்தப் படைப்பு தனித்து நிற்கிறது. மற்ற கான்செர்ட்டோக்கள் ஒருவர் எவ்வளவு சிறப்பாகப் பேச முடியும் என்று காட்டுகின்றன. இந்தப் படைப்பில் பேசுவதைப் போலவே கேட்பதும் இசையின் பகுதியாகிறது. இதை வாசிக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைக் கேட்காமல் வாசித்தால், சுரங்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் படைப்பு நிகழ்வதில்லை.